மஞ்சள் கடுதாசியில் இடம் இல்லாத ஆள்

எங்க பக்கத்துல ஒருத்தர் கடனில் மூழ்கிவிட்டால் "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு" என்பார்கள். தேவதானம் பஸ் ஸ்டாப்பில் இருந்து ராஜபாளையம் வரைக்கும் எந்த டீக்கடையில் கேட்டாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான் வரும்: ஊர்க்காசை வாயில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். ஆனால் அந்தக் கடுதாசியை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. அதன் பின்னால் இருப்பது 1920-ம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம். நூறு வருடம் தாண்டியும் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. சென்னை நகரத்துக்கு மட்டும் 1909-ம் வருடத்துச் சட்டம் தனி. நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்.

கடந்த ஒன்றரை வருடமாக ஒரு நண்பனின் கடன் விவகாரத்தில் கூடவே இருக்க வேண்டி வந்தது. அதனால் இந்தச் சட்டத்தையும், அதோடு சம்பந்தப்பட்ட இன்னும் நான்கைந்து சட்டங்களையும் உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு தேவைக் குறிப்பு கைக்கு வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, "இதை எழுதினவர் மனசுல இருக்கிற பயனாளர் யார்?" என்பதுதான். அந்த ஆள் தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் உடையும் என்பதும் தெரிந்துவிடும். சட்டங்களையும் நான் அப்படித்தான் வாசித்தேன். ஒவ்வொரு சட்டமும் ஒரு மனிதனைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் எதிலுமே என் நண்பன் இல்லை. இந்தக் கட்டுரையின் விமர்சனம் அவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான ஆதாரம்.

ஆள் யார்

நண்பனுக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமல் இருக்க சிலதை மாற்றியிருக்கிறேன். ஒரு நூற்பாலையில் மேற்பார்வை வேலை, கைக்கு வருவது மாதம் 24,000. கொரோனா ஊரடங்கு நேரத்தில் போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். தோற்ற காசை மீட்க இன்னும் ஆடினான். ராத்திரி தூக்கம் வராததற்கு டாஸ்மாக். அப்புறம் எதிலுமே பிடிப்பு இல்லாமல் போய், போனை அணைத்துப் போட்டுவிட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது. மனநல மருத்துவர் இதற்கு இரண்டு பெயர் சொன்னார்: அடிமைத்தனம், மனச்சோர்வு. எது முதலில் வந்தது என்று நாங்கள் கேட்டதற்கு, "ரெண்டும் சேர்ந்தேதான் போகும், ரெண்டையும் சேர்த்தேதான் பார்க்கணும்" என்றார்.

கடன்? எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஏழு லோன் ஆப்களில் 2,10,000. வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் சேர்த்து 3,80,000. மனைவியின் நகை அடகில் 1,60,000. சொந்தக்காரர்களிடம் கைமாத்து 1,30,000. வட்டிக்கு வாங்கியது 60,000. மொத்தம் 9,40,000. மாதம் கட்ட வேண்டியது 33,000. சம்பளமோ 24,000. இதில் பட்ஜெட் போடுவது, சிக்கனம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் வீண் பேச்சு.

இதற்கு முன்னால் ஒரு தடவை அவன் மாமனார் நிலத்தை விற்று 3 லட்சம் கொடுத்து எல்லாக் கடனையும் அடைத்திருக்கிறார். ஏழே மாதத்தில் பழைய இடத்துக்குத் திரும்பி, அதையும் தாண்டிவிட்டது. ஊர் இதை "நன்றி கெட்ட தனம்" என்று சொல்லிற்று. நான் இதைக் கேட்டதும் மகாபாரதத்தை நினைத்தேன்.

மறுசூது

சூதாட்டம் என்றால் நமக்கு தருமர் நாட்டைத் தோற்றதும் பாஞ்சாலியைத் தோற்றதும்தான் ஞாபகம் வரும். பாரதியின் பாஞ்சாலி சபதமும் சபதத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வியாசர் அதற்குப் பிறகு ஒன்று சொல்கிறார். திருதராட்டிரன் பயந்துபோய் திரௌபதிக்கு வரம் கொடுத்து, தோற்றதெல்லாவற்றையும் பாண்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். நாடு, செல்வம், சுதந்திரம் எல்லாமே. கடன் பூஜ்யம். ஊருக்குத் திரும்பிப் போகிற வழியிலேயே மறுபடி ஆட அழைப்பு வருகிறது. தருமர் போகிறார். அந்த இரண்டாம் ஆட்டத்தில்தான் பன்னிரண்டு வருட வனவாசமும் ஒரு வருட அஞ்ஞாதவாசமும்.

மாமனார் கொடுத்த 3 லட்சம் இதேதான். எல்லாத்தையும் அடைத்துவிட்டால் ஆள் சரியாகிவிடுவான் என்பது நம்ம குடும்பங்களின் ஆழமான நம்பிக்கை. அடைத்ததும் உண்மையில் என்ன நடக்கிறது? புதுக் கடன் வாங்கும் தகுதி திரும்பி வருகிறது. நோய் அப்படியே இருக்கிறது. மொத்தமாக மீட்டுவிடுவது சூதாட்ட நோயில் அடுத்த ஆட்டத்துக்கான முதலீடாகப் போய்விடுகிறது. வியாசர் இதைத் தெரிந்தே எழுதினாரோ என்னவோ, சம்பவ வரிசை மட்டும் அச்சு அசலாக இருக்கிறது.

அதே கதையின் இன்னொரு பகுதியோடு எனக்கு உடன்பாடு இல்லை. காட்டில் நொந்துபோய் இருக்கும் தருமருக்கு பிருகதசுவர் என்ற முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். நளனுக்குள் கலி புகுந்தது, பிறகு விலகியது என்பது வரை அருமை. ஒரு மனிதனையும் அவன் நோயையும் தனித்தனியாகப் பார்க்கிற பார்வை அது. ஆனால் முடிவில் நளன் எப்படி மீள்கிறான்? பகடையின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு மறுபடி ஆடி, நாட்டை ஜெயித்து வாங்குகிறான். கதையை முடித்த முனிவர் தருமருக்கும் அதே நுட்பத்தைக் கற்றுக் கொடுக்கிறார். சூதில் அழிந்தவனுக்கு இன்னும் நன்றாக ஆடக் கற்றுக்கொடுப்பது! தோற்றதை ஆடியே மீட்கலாம் என்ற நினைப்புதான் இந்த நோயின் மையம். என் நண்பன் ராத்திரி இரண்டு மணிக்கு மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த கதையும் இதுதான்.

திறமையா அதிர்ஷ்டமா

நம்ம நீதிமன்றங்களும் வெகுநாள் அந்த முனிவரின் கேள்வியிலேயே நின்றன. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது. தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுத்தது. பிறகு அதைச் சட்டமாக்கியது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், பேரவையில் மசோதா. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, அதே மாதம் பேரவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து எடுத்துவிட்டது. 2025-ல் தமிழ்நாடு ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார்.

ஐந்து வருட இழுபறி. இதில் அந்த நள்ளிரவு விதி ஒன்றுதான் ஆடுகிறவனின் உடம்பை நினைத்து எழுதப்பட்டது என்று எனக்குப் படுகிறது. திறமையா அதிர்ஷ்டமா என்பது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. ஆடுகிறவனின் நோய்க்கு அதில் பதில் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதில் சூதாட்டக் கோளாறு அடிமைத்தனங்களின் வரிசையில்தான் இருக்கிறது. திறமை ஆட்டத்துக்கு விலக்கு என்று அங்கே எதுவும் இல்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது. சரி. ஆனால் பந்தயம் கட்டுவதற்காக வாங்கின கடன்? நம்ம மாநிலத்தில் அது செல்லும். ஆப் மூடிவிட்டது. ஆப்பில் தோற்பதற்காக வாங்கிய 2,10,000 மூடவில்லை. ஆட்டத்தைத் தடை செய்த எந்தச் சட்டமும் ஏற்கெனவே ஆடி முடித்தவனின் மேஜை டிராயரைத் திறந்து பார்க்கவில்லை.

1920: நேர்மையான வியாபாரி

இப்போது மஞ்சள் கடுதாசிக்கு வருவோம். அந்தச் சட்டத்தை ஊர் பேசுகிற அளவுக்குக் கேவலமாக நான் பார்க்கவில்லை. கடன் 500 ரூபாயைத் தொட்டால் போதும், கட்ட முடியாதவர் தானே மனு போடலாம். நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்துவிட்டால், அடமானம் இல்லாத கடன் கொடுத்தவர்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. கைது ஆகாமல் இருக்கப் பாதுகாப்பும் கேட்கலாம். இருக்கிற சொத்து எல்லாக் கடனுக்கும் பங்கு பிரியும். கூட்டமாக வந்து கழுத்தைப் பிடிக்கிறவர்களை வரிசையில் நிறுத்துகிற ஏற்பாடு அது. நல்ல யோசனைதான்.

சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. கடனிலிருந்து விடுவிப்பு கேட்கும்போது பிரிவு 42 ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் ஒன்று இருந்தாலும் முழு விடுவிப்பு கிடையாது. கணக்குப் புத்தகம் வைக்கவில்லையா? கட்ட முடியும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இல்லாமல் கடன் வாங்கினாயா? ஊதாரித்தனமா? சூதாட்டமா? சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறவில்லையா? என் நண்பனுக்கு இந்தப் பட்டியலில் பெரும்பாலும் டிக் அடிக்கலாம். சூதாட்டம் என்ற சொல் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் மனசில் இருப்பவர் ஒரு வியாபாரி. பேரேடு எழுதுகிறவர். மழையோ சந்தையோ ஏமாற்றியதால் நொடித்தவர். நேர்மையாக இருந்தால் கை தூக்கிவிடு, சூதாடி என்றால் பாடம் புகட்டு. 1920-ல் சூது ஒரு குணக்கேடாக மட்டுமே தெரிந்திருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நூறு வருடமாக அதைத் திருத்தாமல் வைத்திருப்பவர்களைச் சொல்லலாம்.

2003: வில்லனும் அப்பாவியும்

தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் 2003, மொழிக்காகவே ஒரு தடவை வாசிக்க வேண்டியது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்குகிற சொற்களை எடுத்து வரையறை கொடுத்திருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன்பட்டவர் கோர்ட்டில் பணத்தைக் கட்டிவிட்டு விடுதலை கேட்க வழியும் உண்டு. (அதே 2003-ல்தான் டாஸ்மாக் சில்லறை விற்பனையும் அரசு கைக்கு வந்தது.)

சட்டம் இருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் உயிரை விட்டது. திரும்பத் திரும்ப மனு கொடுத்தவர்கள் அவர்கள். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் கடன் வசூலில் வற்புறுத்தல் கூடாது என்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. தேவையான சட்டம்தான்.

ஆனால் இந்தச் சட்டங்களின் மனசில் ஒரு நாடகம் ஓடுகிறது. ஒரு பக்கம் வில்லன், மறு பக்கம் அப்பாவி. அப்பாவி ஸ்டேஷனுக்குப் போய் புகார் கொடுப்பான், வில்லன் உள்ளே போவான். என் நண்பன் கடன் வாங்கினவர்களில் வட்டிக்காரர் ஒருத்தர்தான். மீதி, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கம்பெனிகளும் சித்தப்பா மகனும். கைமாத்துக் கொடுத்த சித்தப்பா மகனிடம் மகள் காலேஜ் பீஸ் என்று பொய் சொல்லி வாங்கியிருக்கிறான். அவரை எந்தச் சட்டத்தில் வில்லன் ஆக்குவது? தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கினவனும் கடன்காரன். அந்தச் சொல்லுக்கு இருக்கிற நிதானம் சட்டத்துக்கு இல்லை. அதோடு, புகார் கொடுக்க ஸ்டேஷன் வரை நடந்து போகத் தெம்பு வேண்டும். மனச்சோர்வில் இருப்பவனுக்குக் கட்டிலில் இருந்து எழுந்திருப்பதே அன்றைய வேலை.

2016, 2017: ஏழையும் நோயாளியும்

திவால் சட்டம் 2016-ல் தனிநபர்களுக்கு என்று மூன்றாம் பாகம் இருக்கிறது. அதில் "புதிய தொடக்கம்" என்று ஓர் அழகான ஏற்பாடு: 180 நாள் கடன் வசூல் நிறுத்தம், பிறகு தகுதியுள்ள கடன்கள் தள்ளுபடி. படித்ததும் சந்தோஷப்பட்டேன். நிபந்தனையைப் பாருங்கள். வருட வருமானம் 60,000-க்கு மேல் போகக்கூடாது. சொத்து 20,000-க்குள். கடன் 35,000-க்குள். சொந்த வீடு, அது அடமானத்தில் இருந்தாலும், இருக்கக்கூடாது. மாதம் 5,000 ரூபாய் சம்பாதிக்கிற, 35,000-க்குள் கடன் நிற்கிற ஆள். சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளில் வேலை செய்கிற தொழிலாளிகூட இதில் தேறுவது கஷ்டம். அதையும் விடப் பெரிய விஷயம், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களைத் தவிர மற்ற தனிநபர்களுக்கு இந்தப் பாகம் அமலுக்கே வரவில்லை. அதனால்தான் 1920 இன்னும் உயிரோடு இருக்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நான் படித்தவற்றில் மரியாதை உள்ள சட்டம். சிகிச்சை ஓர் உரிமை என்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைகளையும் நோய் என்று ஏற்கிறது. சிகிச்சை விஷயத்தில் நமக்காகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அந்த நோயாளிக்குச் சட்டைப்பை இல்லை. நியமிக்கப்பட்டவர் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். வங்கி மேலாளரிடம் போய், "இவர் வார்டில் இருக்கார், ஒரு மாசம் பொறுங்க" என்று சொல்ல இந்தச் சட்டம் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை.

ரிசர்வ் வங்கி 2009-ல் நிதி எழுத்தறிவு மற்றும் கடன் ஆலோசனை மையங்களுக்கு ஒரு மாதிரித் திட்டம் கொண்டுவந்தது. 2012-ல் அதை மாற்றியமைத்தபோது பெயரிலிருந்து "கடன் ஆலோசனை" உதிர்ந்து, நிதி எழுத்தறிவு மையம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பெயர் மாற்றத்தில் முழுக் கதையும் இருக்கிறது. கடனில் தத்தளிப்பவனுக்கு எழுத்தறிவு போதாது என்பது அதன் முடிபு. என் நண்பன் கூட்டு வட்டியை மனக்கணக்கில் போடுவான்.

யாராவது சேர்த்து யோசித்திருக்கிறார்களா

இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் "மூச்சுவிடும் இடைவெளி" என்று ஒரு ஏற்பாடு. கடனில் சிக்கியவர் ஆலோசகர் வழியாகப் பதிந்தால் 60 நாளுக்கு வசூல் நடவடிக்கை நிற்கும், வட்டியும் அபராதமும் ஏறாது. மனநல நெருக்கடிக்கு அதில் தனிப் பிரிவு. அந்தத் துறையில் அங்கீகாரம் பெற்ற நிபுணர் சான்று கொடுத்தால், நெருக்கடிக்கான சிகிச்சை நடக்கும் வரைக்கும் நிறுத்தம், முடிந்த பிறகு இன்னும் 30 நாள். நோயாளியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொள்கிறவர் விண்ணப்பிக்கலாம்.

கடன் தள்ளுபடி இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்தவரின் ஒரு ரூபாய் அசலையும் யாரும் தொடவில்லை. நேரம் மட்டும்தான் கொடுக்கிறார்கள். சூதாடினாயா, குடித்தாயா என்ற விசாரணை இல்லாமல், "இப்போ இவனால முடியாது" என்பதை மட்டும் சட்டம் ஏற்கிறது. இந்தச் சட்டத்தின் மனசில் இருக்கும் ஆளுக்கு நோயும் இருக்கிறது, கடனும் இருக்கிறது, இரண்டும் ஒரே உடம்பில்.

இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவருமா என்பார்கள். இராஜாஜி அரசு 1938-ல் சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற பழைய வட்டியைத் தள்ளியது. அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்றது. கொடுத்த வாக்கு புனிதம் என்று பேசுகிற மண்ணில்தான் அதுவும் நடந்தது. அதோடு ஒப்பிட்டால் 60 நாள் அவகாசம் ரொம்பச் சின்ன கோரிக்கை.

இருப்பதை வைத்து

நண்பனின் மனைவி என்னிடம் முதல் நாள் சொன்னது: "பணம் வேண்டாம்ணே. அந்த போன் அடிக்காம இருந்தாப் போதும். அவர் தூங்கட்டும்." சட்டம் கொடுக்காத அந்த இடைவெளியை நாங்கள் கையால் கட்ட வேண்டியிருந்தது. யாருக்காவது உபயோகப்படும் என்பதால் சுருக்கமாக.

முதலில் டாக்டர், பிறகுதான் கணக்கு. "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்த அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனோம். ராத்திரி நேரத்தில் பேச 14416, அல்லது 104. ஆறு வாரத்துக்குப் பெரிய முடிவு எதுவும் கிடையாது: வீட்டை விற்பது, வேலையை விடுவது, புதுக் கடன் எல்லாம் தள்ளிவைப்பு.

கையில் ரொக்கம் கொடுக்கவில்லை. உதவ வந்தவர்கள் நேராக கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், மளிகை என்று கட்டினார்கள். சம்பளம் மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்குக்கு மாறியது. அவன் போனில் பணம் அனுப்பும் வசதி, அவன் சம்மதத்தோடு, எடுக்கப்பட்டது. தினச் செலவுக்கு 100 ரூபாய். அவமானமாக இருக்கிறது என்றான். "கட்டுப் போட்ட கால் மாதிரி நெனச்சுக்கோ மாப்ள, எலும்பு கூடினதும் எடுத்துரலாம்" என்றேன்.

கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்ததில் அவனே மறந்துபோன இரண்டு கடன் கிடைத்தது. வெட்கத்தில் ஒளித்ததும் மறந்ததும் அதில் தப்பாது. கைமாத்து மட்டும் வாயால் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. லோன் ஆப்கள் போனில் இருக்கும் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்பதும் அதே வருட விதி. மீறிய அழைப்புகளைத் தேதி, நேரத்தோடு எழுதினோம். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் கடிதம், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். ஒரு லோன் கம்பெனிக்காரர், "நாளைக்கு அரெஸ்ட்" என்றார். வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. ஆனால் செக் திரும்புவதும், கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தவணை திரும்புவதும் வேறு, அவை குற்ற வழக்காகலாம். அந்த வித்தியாசம் தெரியாமல் தைரியம் சொல்லக்கூடாது. அதனால் தவணை ஏற்பாடு உள்ள கடன்களுக்கே முதலில் எழுதி, மருத்துவச் சான்றோடு தவணையைக் குறைக்கக் கேட்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளி, பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். கிரெடிட் கார்டு கடன் அப்படித்தான் ஒரு தொகைக்கு முடிந்தது. அறிக்கையில் "செட்டில்டு" என்று பதியும், அடுத்த சில வருடம் யாரும் கடன் தர யோசிப்பார்கள். எங்கள் விஷயத்தில் அது நல்லதுதான்.

இத்தனையும் நடந்தது ஒரு மனைவி, ஒரு பொறுமையான டாக்டர், படித்துக் கடிதம் எழுதத் தெரிந்த ஒரு நண்பன் என்று மூன்று பேர் அமைந்ததால். இப்போது மொத்தம் 5 லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறது. நடுவில் ஒரு தடவை ஒரு வெளிநாட்டு பந்தயத் தளத்தில் 4,000 விட்டான். மறுநாள் அவனே வந்து சொன்னான். அந்தச் சொல்லல் 4,000-ஐ விடப் பெரிது என்று டாக்டர் சொன்னார்.

மூன்று பேர் அமையாதவர்களுக்கு என்ன வழி? அதற்குத்தான் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெரிய சீர்திருத்தம்கூட வேண்டாம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஒரு சான்று கொடுக்கிறார். அதை சட்டப்பணிகள் ஆணைக்குழு பதிகிறது. பதிந்த நாளிலிருந்து 60 நாளுக்கு வசூலும் வட்டியும் நிற்கின்றன. அந்த 60 நாளில் சிகிச்சையும் கடன் பட்டியலும் ஒரே மேஜையில் நடக்கின்றன. டாக்டரும் ஆணைக்குழுவும் ஏற்கெனவே இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் கடிதம் எழுதிக்கொள்ள ஒரு பிரிவுதான் இல்லை. அதோடு 1920 சட்டத்தின் 42-ம் பிரிவில் சூதாட்டம் என்று வருகிற இடத்தில், "சிகிச்சையில் இருப்பவர் நீங்கலாக" என்று மூன்று சொல் சேர்த்தால் போதும்.